படகின் தலையில் உட்கார்ந்தவர்கள்

பிப்ரவரி 11, பாக்பெங்

படகுச் சங்கத்துக் கணக்கில் பயணிகளை ஏற்ற இன்று எங்கள் படகின் முறை. முதுகுப்பையோடு ஊர் சுற்றும் வெளிநாட்டு மூட்டைதூக்கிகள் அறுபத்து மூன்று பேர். தாய்லாந்துக் கரையிலிருந்து சின்னப் படகில் ஆற்றைக் கடந்து, எங்கள் கரையில் ஹுவாய்சாயில் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு, முதுகில் வீட்டையே கட்டிக்கொண்டு வந்து ஏறினார்கள். விமானத்தில் போக வசதி இருக்கிறவர்கள் இரண்டு நாள் மரப்பலகையில் இடுப்பொடிய வருவார்களாம். கேட்டால் அனுபவமாம். ஒருவன் என் சமையலைப் படம் எடுத்தான். கரண்டியை ஓங்கினேன். அதையும் எடுத்தான்.

ஒரு மஞ்சள்முடிக்காரி படகின் தலையான முன்முனையில் காலை நீட்டிப் படுத்துவிட்டாள். படகைக் காக்கும் ஆத்தா, எங்கள் படகுத் தாய், இருக்கும் இடம் அது! காலையில் என் வீட்டுக்காரர் சோம்சனித் பூவும் வத்தியும் வைத்துக் கும்பிட்ட இடத்தில் அவளுடைய குதிகால். நாங்கள் குடியிருக்கும் பின்கட்டிலிருந்து கத்தினேன். சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

மத்தியானம் படகு பாறையில் உரசியது.

"பாத்தியா கேவ் அம்மா, ஆத்தா கோவிச்சுக்கிட்டா" என்றார் சுக்கான் பிடித்திருந்த என் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆறு இந்த வருடம் வற்றி எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது என்பது அப்போது எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிப்ரவரி 12, லுவாங்பிரபாங்

எல்லாரையும் இறக்கிவிட்டாயிற்று. வார் அறுந்த ஒரு முதுகுப்பையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கழுவிக் காயப்போட்டேன்.

பிப்ரவரி 15, ஹுவாய்சாய்

ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவித்த கோழி, மெழுகுவத்தி, ஒரு புட்டி அரிசிச் சாராயம். ஆத்தாவுக்கு இரண்டு சொட்டு, மீதி எல்லாம் அவருக்கு.

பிப்ரவரி 23, பாக்பெங்

மறுபடி முறை வந்தது. படகின் தலைக்குக் குறுக்கே கயிறு கட்டி வைத்தேன். ஒருவரும் உட்காரவில்லை. ஆனாலும் இரண்டு தடவை படகு பாறையில் இடித்தது.

"இன்னைக்குத்தான் யாருமே உக்காரலையே?"

"நீ அங்க பாவாடை காயப்போட்டிருப்ப."

நான் போடவில்லை. போட்டேனா? சே, இந்த மனுஷன் சொன்னால் செய்யாததும் செய்த மாதிரியே இருக்கிறது.

பிப்ரவரி 24



அவருக்கு ஒட்டரிசிச் சோறு எடுத்துக்கொண்டு, அவர் சுக்கான் பிடிக்கிற முன்பக்கம் போனேன். மூக்கில் வளையம் போட்ட ஒருத்தி கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருந்தாள். முடியைப் பிடித்து இழுக்கத்தான் போனேன். அதற்குள் அவளே எழுந்து, இரண்டு கையையும் நீட்டி அலறினாள். எதிரே எருமை அளவுக்குப் பாறை. தண்ணீருக்கு மேலே, பட்டப்பகலில். இவர் அதையே பார்த்தபடி வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார்.

"தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

தெரிந்ததாம்! நான்தான் சுக்கானைப் பிடித்துத் திருப்பினேன். படகு பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு தப்பியது. அப்புறம் வெயிலில் அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் பால் ஊற்றியதுபோல் வெள்ளை. இதற்குத்தான் கோழி அவித்தோம். ஆத்தா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மூக்குவளையக்காரிக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தேன். அதைப் படம் எடுத்தாள், பைத்தியம்.

பிப்ரவரி 27

அவரோடு பேச்சு இல்லை.

மார்ச் 2, ஹுவாய்சாய்

பேசித் தொலைத்தேன்.

"சங்கத்துக்குத் தெரிஞ்சா நம்ம முறைய எடுத்துருவாங்க. இருபத்தாறு வருஷமா ஓட்டறேன். கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்டி."

"அதத்தானே இப்போ செய்யற!"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். வீம்புக்கு மட்டும் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. படகு போனால் எங்களுக்கு வீடும் போச்சு, அதிலேதானே குடியிருக்கிறோம். தெரியாமலா இருக்கிறேன்? ஆனால் பின்கட்டில் என் மகள் கேவ் படுத்திருக்கிறாள். முன்னால் அறுபது பேர். மடையர்கள்தான், அவர்களையும் ஒருத்தி பெற்றுத்தானே அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 4

படகுச் சங்கத் தலைவர் கம்சிங்கிடம் நானே போய்ச் சொன்னேன்.

"அடடா, சோம்சனித்துக்கா இப்படி?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "உங்க முறைய என் மச்சானுக்குக் குடுத்துரலாம்" என்றார். கழுகு.

"குடுங்க அண்ணே. அவரு கண்ணு தெரிஞ்சதும் திருப்பி வாங்கிக்கிறேன். அதையும் நோட்டுல எழுதுங்க." எழுதும்வரை நகரவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தில், பெரிய ஆஸ்பத்திரியில் கண்புரை எடுக்கிறார்களாம். அரைமணி நேர வேலையாம். படகுக்கு வந்து அவரிடம் சொன்னேன். பலகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவராவது தெரிந்ததோ என்னவோ.

மார்ச் 9, சியாங்கோங்

அந்த முதுகுப்பையின் வாரைத் தைத்து, இருவர் துணியையும் அதில் அடைத்து, முதுகில் மாட்டிக்கொண்டு முத்திரை வரிசையில் நின்றேன். முன்னால் நான்கு மூட்டைதூக்கிகள், பின்னால் இரண்டு. ஒருவன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். முறைத்தேன்.

சின்னப் படகில் அவரை நடுவில் உட்காரவைத்தேன். படகு நகர்ந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீரைப் பார்க்க வேண்டாமா? எப்போது எழுந்தேன், எப்போது முன்னால் போய் உட்கார்ந்தேன் என்றே தெரியாது.

"ஏம்மா, படகுத் தலையில உக்காரக் கூடாதுன்னு தெரியாது? எந்த ஊரு நீ?" என்று படகுக்காரன் அதட்டினான். மூட்டைதூக்கிகள் சிரித்தார்கள். என்னைப் பார்த்து!

எழுந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"இடது பக்கம் பாறை கிடக்கு" என்றேன், 'தெரியுது, தெரியுது' என்ற வழக்கமான பதிலை எதிர்பார்த்து.

அவர் என் மணிக்கட்டைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியல, கேவ் அம்மா. எவ்வளவு தூரத்துல இருக்கு, சொல்லு."

கரை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.