திரும்பிப் படுத்த படிகம்

தென்காசி,
புதன்கிழமை.

அன்புள்ள ஹஸீபாவுக்கு,

கிருபா எழுதிக்கொள்வது. நான் நலம். நீ அங்கே சென்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நலமா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. போனில் சொன்னால் மூசா அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். புருஷனுக்குத் தெரியாமல் பொண்டாட்டிக்கு என்ன ரகசியம் என்பார். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். தனியாக வாசி.

முதலில் நல்ல செய்தி. உன் ரத்தத்திலிருந்து நாம் பிரித்தெடுத்த புரதம் கடைசியில் படிகமாகிவிட்டது! ஒன்றரை வருஷமாக ஊசி ஊசியாகச் சிதறித்தானே கிடந்தது? நீ சொன்னபடி துளிக்கு இரண்டு பக்கமும் தகடு வைத்து மின்புலம் கொடுத்தேன். கல்கண்டு மாதிரி ஒரே ஒரு படிகம் வளர்ந்து நிற்கிறது. இதை எக்ஸ்ரேயில் படம் எடுத்தால் உன் சிறுநீரகத்தை அடைக்கிற அந்தப் பாவிக்கு என்ன உருவம் என்று தெரிந்துவிடும். மருந்துக்கு வழி பிறக்கும். உன் டாக்டர் இதற்குத்தான் காத்திருக்கிறார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. சாரல் நம் காலேஜ் லேப் ஜன்னல்வரை வருகிறது. நுண்ணோக்கிக் கண்ணாடியைத் துடைத்தே என் கை ஓய்ந்துபோயிற்று.

இனி பயப்படாமல் வாசி. போன வாரம் செவ்வாய்க்கிழமை இங்கே மாதாந்திர மின்தடை. லேப் பேட்டரி காலை வாரிவிட்டது. மைக்செட் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் ஓடினேன். “கோயில் கொடைக்கு விடிய விடியப் பாட்டு ஓடுத பேட்டரிம்மா, ஒன் ஒரு சொட்டுத் தண்ணிக்குத் தாங்காதா?” என்று கேலி செய்தார். அந்த மனுஷன் பிளஸ்ஸுக்கும் சிவப்பு வயர், மைனஸுக்கும் சிவப்பு வயர் போட்டு வைத்திருக்கிறார். எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் வயரை மாற்றி மாட்டிவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிகம் மெல்லத் தலைகீழாகத் திரும்பியது. புலம் திரும்பினால் அதுவும் திரும்பும், அதில் அதிசயம் இல்லை. மணி பத்து இருபது என்று நோட்டில் எழுதினேன்.

சாயங்காலம் மூசா அண்ணன் பேசினார். “காலைல பத்தேகாலுக்கு மேல பாத்தா, தலமாட்டுல கால், கால்மாட்டுல தலன்னு கெடக்காம்மா. எப்படித் திரும்புனான்னே தெரியல. எழுப்புனாலும் மத்தியானம் வர முழிக்கல” என்றார்.

நோட்டை எடுத்து மணியைச் சரிபார்த்தேன். சே, தற்செயல் என்று தேற்றிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. நேற்று பதினொன்றே காலுக்கு வேண்டுமென்றே வயரைப் பழையபடி மாற்றினேன். ராத்திரி அண்ணன் பேசினார். அதே நேரத்துக்கு நீ மறுபடியும் திரும்பினாயாம். கண்ணைத் திறக்காமலே, “ஏட்டி கிருபா, வயர மாத்தாத” என்றாயாம். வயர் விஷயம் அண்ணனுக்கே தெரியாது, ஹஸீபா. நான் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அந்தப் படிகத்தைத் துளியிலிருந்து எடுத்து, திரவ நைட்ரஜனில் முக்கி உறையவைத்து எக்ஸ்ரே படத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மருந்து இல்லை. இன்னொன்று வளரும்வரை உன் உடம்பு தாங்காது. அனுப்பினால் என்ன ஆகும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நீ வேண்டாம் என்றால் நான் அதைத் தொடமாட்டேன்.

சரி என்றால் ஒன்று மட்டும் செய். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மூசா அண்ணனை எங்கேயும் போகவிடாதே. உன்மேல் இரண்டு கம்பளியைப் போர்த்தச் சொல். உன் கை எவ்வளவு சில்லிட்டுப்போனாலும் அவர் பிடியை விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

உனக்காக ஜெபித்துக்கொண்டே இருக்கும்,
கிருபா.