மூன்று தட்டுக்குப் பதில்

வியாழக்கிழமை

குஞ்சு, இன்று உன் தம்பியை, யூட்டை, வேலணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேச ஏலாத, நடக்க ஏலாத பெரிய ஆட்களுக்குப் பாட்டாலும் மேளத்தாலும் வைத்தியம் செய்கிற வகுப்பு. நீ கடலோடு போன பிறகு அவன் கையால் ஒன்றையும் தொடுவதில்லை. முப்பது வயதுப் பிள்ளைக்குச் சோறும் நான்தான் தீத்துகிறேன்.

இன்று மேளத்தைத் தொட்டான். மூன்று தரம் தட்டிவிட்டுத் தலையைச் சரித்துக் காத்திருந்தான். திரும்பவும் மூன்று. எனக்கு விளங்கிவிட்டது. மீனை வலைக்குள் கலைக்க அவன் வள்ளத்தின் ஒரு பக்கம் தட்ட, நீ மற்றப் பக்கம் பதில் தட்டுவாய் என்று நீதானே சொன்னாய். வகுப்பு ரீச்சருக்கும் அதைச் சொன்னேன்.

"அம்மா, அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் தட்டுங்கோ," என்றார் ரீச்சர்.

மூன்று தட்டினேன். அவன் என் கையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டான். இரண்டு தட்டினேன், ஐந்து தட்டினேன். சக்கரக் கதிரையில் இருந்த பிள்ளை, "அன்ரி, உங்களுக்கு இது சரிவராது, விடுங்கோ!" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்துத் தட்டினான். பிறகு கைகளைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டான்.

"சரியான பதில் கிடைச்சால் அவர் தட்டுறதை விடமாட்டார் அம்மா. வள்ளத்திலை வேறை ஆர் போனவை?" என்று ரீச்சர் கேட்டார்.

ஒருவரும் இல்லை என்றேன். நான் கரையில் நின்று மீன் கூடையை வாங்கினதோடு சரி. ஒருநாளும் ஏறிப் பார்க்கவில்லை.

அவன் மூன்று தட்டினால் நீ என்ன தட்டுவாய், குஞ்சு?