வானத்தில் விழுந்த கோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

வானத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். நிஜ வானத்தில் இல்லை, அப்பா எடுத்த படத்தில்.

நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. முழுதும் படித்துவிட்டு நீயே சொல். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

புதுக் கட்டடங்களின் மாடியிலிருந்து தெரியும் காட்சியை அப்பா நீளப் படமாக எடுக்கிறார் அல்லவா? கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுத்துத் தருவார். நான் அவற்றைக் கணினியில் ஒட்டி ஒரே படமாக்குவேன். பள்ளியை விட்டதில் எனக்குக் கிடைத்த நல்லது இந்த வேலைதான், யாரிடமும் பேச வேண்டியதில்லை. எல்லாப் படத்திலும் வெளிச்சம் ஒன்றாக இருந்தால் ஒட்டு தெரியாது. ஒன்று மங்கலாகவும் அடுத்தது பளிச்சென்றும் இருந்தால், நடுவில் சுவர் வைத்ததுபோல் கோடு விழும்.

கேமரா தானாக வெளிச்சத்தை மாற்றுகிறதோ என்று பார்த்தேன். இல்லை, அப்பா எல்லாவற்றையும் கையால்தான் வைத்திருந்தார். லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கழற்றியும் கோடு விழுந்தது. பழைய லென்ஸ், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் தளர்ந்து தானாகச் சுற்றுகிறது என்று நினைத்து, அது அசையாதபடி டேப் ஒட்டி அனுப்பினேன். திரும்பி வந்தபோது டேப் உரிந்து தொங்கியது. தானாகச் சுற்றும் வளையத்துக்கு டேப்பை உரிக்கத் தெரியாதே அம்மா.

அடுத்த வேலைக்கு நானும் கூடப் போனேன். பாதிப் படம் எடுத்தவர், நகத்தால் டேப்பைக் கிளப்பி வளையத்தைத் திருப்பினார். ஏன் என்று கேட்டேன். "மேகம் வந்து இருட்டிடுச்சே, நீ பாக்கலியா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் கோடு போட்டு வரைந்ததுபோல் கூர்மையாகக் கிடந்தது. மேகமே இல்லை.

பிறகு கேமராவோடு பின்னால் நகர்ந்தார். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "என்னடி, பறந்துடுவேன்னு பயந்துட்டியா? எனக்கே தெரியாம எனக்கு எப்ப ரெக்க மொளச்சுது?" என்று சிரித்தார். ஆனால் படி இறங்கும்போது பாசமாகப் போடுவதுபோல் என் தோளில் கை போட்டுக்கொண்டார். கீழே வரும்வரை எடுக்கவில்லை. அந்தக் கை கனத்தது. தெருவுக்கு வந்ததும், "இதையெல்லாம் உங்கம்மாகிட்ட வத்தி வைக்காதே, போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா" என்றார். அப்படியென்றால் அவருக்கும் தெரியும்.

இத்தனை நாளும் கோடுகளை நான் அழித்து அழித்துக் கொடுத்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாம் அப்பாவுக்குக் கண் இன்னும் கழுகுக்கண் என்கிறார்கள். 

வரும் வாரம் இருபது மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் நான்கு பக்கமும் திறந்து கிடக்கிறதாம். மேஸ்திரியிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் முன்னால் நின்றதும் "ஒண்ணுமில்லண்ணே" என்றுதான் வந்தது. "உங்கப்பன் பேசுறதுல கால்வாசியாவது உனக்கு வரக் கூடாதா?" என்று சிரித்தார். டாக்டரிடம் போகலாம் என்று அப்பாவிடம் சொன்னதற்கு, லென்ஸைத் துடைத்தால் சரியாகிவிடும் என்கிறார். யாருடைய லென்ஸ் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ கேட்டால் பதில் சொல்வார். போனில் இல்லை, எதிரில் உட்கார்ந்து கேட்டால்.

கவர் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று நினைத்திருப்பாய். கேமராவை ட்ரைபாடில் பூட்டுகிற சின்னத் தகடுதான் அது. அது இல்லாமல் கேமரா ட்ரைபாடில் நிற்காது. அந்தப் பழைய மாடலுக்கு இங்கே எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ட்ரைபாட் இல்லாமல் இந்த வேலைக்கு அப்பா போகவும் மாட்டார். காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். மேசை மேல் கண்ணால் தேடவில்லை அம்மா, கையால் தடவித் தடவித் தேடுகிறார். நானும் கூடத் தேடுவதுபோல் குனிந்து நின்றேன். இனி தபால் பெட்டிவரை போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இதைக் கவருக்குள் போட்டு ஒட்டப் போகிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். தகட்டைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடாதே. வரும்போது உன் கையோடு எடுத்து வா.

இப்படிக்கு,
உன் ஊமைக்கோட்டான்