மலை உச்சித் தகர டப்பாவில் உன் பெயர்

சட்பரி,
அக்டோபர் 17

அன்பு மகள் சினிக்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலைத் தவிர. நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. ஆகஸ்ட் பதினாறாம் தேதி நம் மலையில் ஏறி இறங்கியிருக்கிறாய், உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது. ஆமாம், எனக்குத் தெரிந்துவிட்டது. லீவே தரமாட்டேன் என்கிறார்கள், இந்த வருஷம் அபர்டீனை விட்டு நகர முடியாது என்று ஜூலையில் போனில் அழாத குறையாகச் சொன்னாயே, நானும் பாவம் பிள்ளை என்று நம்பி அப்பாவைத் தேற்றினேனே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நன்றித் திருநாள் விடுமுறைக்கு வழக்கம்போல ஆந்தை ஏரிக்குப் போனோம், இந்த முறை நாங்கள் இரண்டு பேர் மட்டும். பிர்ச் மரத்து இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தது, காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி, கொண்டுபோன ரொட்டி கல்லாக இறுகிவிட்டதால் காபியில் நனைத்துத் தின்றோம். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே படகைச் சுமந்து கடக்கிற முதல் இரண்டு சுமைப்பாதையிலும் அப்பாவே படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமந்தார், நான் மூட்டைகளோடு முன்னால் நடந்து வேர் இருக்கு, கல்லு இருக்கு என்று குரல் கொடுத்துக்கொண்டே போனேன், படகுக்கு அடியில் இருப்பவருக்குத் தன் காலைத் தவிர என்ன தெரியும். மூன்றாவது பாதைதான் நீளம், அதில் பாதியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் படகோடு விழுந்து காலை முறித்துக்கொண்டாரே, அதே சேற்றுப் பள்ளம். நகருங்க, நான் தூக்குறேன் என்றேன். உன்னால ஆகாதுடி என்று சிரித்தார். அறுபத்திரண்டு வயதில் தூக்கினேன், அக்கரை வரைக்கும் இறக்கவே இல்லை.

உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். அவர் கால் முறிந்த அன்றைக்கு உன் வெய்க்கோ சித்தப்பா, இருந்த ஒரே படகை எடுத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள்ள ஆளோட வந்துடுறேன் அண்ணி என்று போனவர், மறுநாள் மதியம்தான் வந்தார். பெரிய ஏரியில் காற்று என்றார். இலைகூட அசையவில்லை, நான் கரையிலேயேதானே உட்கார்ந்திருந்தேன். மூஸ் மான் வேட்டைக்கு வந்த கூட்டாளிகளோடு குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறார், இங்கே உன் அப்பா ஜுரத்தில் தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானா என்று என் மடியில் உளறிக்கொண்டிருந்தார். நம் ஆட்கள் எத்தனை சண்டை போட்டாலும் ஒருவரைக் கரையில் விட்டுவிட்டுப் படகோடு போய்த் தொலையமாட்டார்கள். அதற்கப்புறம் அப்பா தம்பி பேரை வாயில் எடுத்ததில்லை. அந்த ஆளு முகத்துல இனி முழிக்கமாட்டேம்மா என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் நீ. நான் கேட்கவில்லை, நீயாகச் சொன்னாய்.

நான் படகு தூக்கிய மறுநாள் மலை ஏறினோம். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக வர, நான் முன்னால் போய், ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைக்கிற கற்குவியலுக்கு அடியிலிருந்து தகர டப்பாவை எடுத்தேன். நீளப் பாதையில் படகைச் சுமந்தவர் பெயரைத்தானே அதற்குள் இருக்கும் நோட்டில் முதலில் எழுதுவோம், இந்த வருஷம் என் பெயர் என்று சின்னப் பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டு திறந்தேன். திறந்தால் உன் கையெழுத்து. பேனாவைக் குத்தி அழுத்தி எழுதுவாயே, அதே எழுத்து. ஆகஸ்ட் 16, படகு வெய்க்கோ, கூட சினிக்கா, அப்பாவுக்காக ஒரு கல் வைத்தோம். அடிப்பாவி! கடல் தாண்டிப் பறந்து வந்து, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரக் கார் தூரத்தில் இருந்துகொண்டு, என் கையால் ஒரு வாய் காபி குடிக்காமல், அந்த மனிதரோடு ஒரே படகில் துடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். அப்பாவுக்கு வைக்கிற கல்லை அவர் கையால்தான் வைக்க வேண்டுமா? சித்தப்பாவைப் பார்க்கணும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நீ பார்த்ததைவிட மறைத்ததுதான் என்னை அறுக்கிறது.

அப்பாவின் கம்புச் சத்தம் பக்கத்தில் கேட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். மழையில் நனைந்து அடுப்புப் பற்றவைக்க வழியில்லாமல் நடுங்கியவர்கள்கூட அந்த நோட்டில் கை வைத்ததில்லை, என்னை அதையும் செய்ய வைத்துவிட்டாய். அவர் வந்து அடுத்த பக்கத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார், சினிக்கா அடுத்த வருஷம் வருவாள் என்றும் எழுதினார். பிறகு அந்தத் தாளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வலி விட்டுவிட்டது என்று பொய் சொல்லிப் படகை அவரே தூக்கிக்கொண்டார். நீளப் பாதையில் பாதி தூரம் வந்திருப்போம், படகுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. ஹெல்மி, அவளுக்கு எழுதறப்போ வெய்க்கோ இப்பவும் குடிக்கிறானான்னு கேளு என்றார். திரும்பிப் பார்த்தேன், கவிழ்த்த படகும் இரண்டு காலும்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. நீ அழுத்தி எழுதியது அடுத்த தாளிலும் பதிந்திருக்கிறது, அதைத்தான் அவர் விரல் தடவியிருக்கிறது. வேர் இருக்கு, பார்த்து வாங்க என்றேன்.

அவர் கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன். பதிலை அவருக்கே எழுது, எனக்கு வேண்டாம். அவருக்கு மனசு ஒரே நாளில் இளகும், எனக்கு அப்படி வராது. கிழித்த பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். அது என் வீட்டில் இருக்கக் கூடாது, டப்பாவில்தான் இருக்க வேண்டும், நீயே கொண்டுவந்து வை, வரும்போது நம் வீட்டு வாசல் வழியாக வா.

ஆண்டவர் உன்னை எந்தக் குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். குளிர் ஆரம்பிக்கிறது, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனிப் பார்சலில் வருகிறது. லீவு கிடைக்காமல் அங்கே கஷ்டப்படுகிறாளே என்று ஆகஸ்ட் முழுக்க உட்கார்ந்து பின்னியது.

இப்போதும் உன் அம்மாதான்,
ஹெல்மி