நிற்கும் பின், படுத்த பின்

மார்ச் 4, செவ்வாய்

பெட்டி முடிந்துவிட்டது. மின்சாரம் உள்ளே வரும் சாக்கெட் மட்டும்தான் பாக்கி. மீன்பிடிச் சாமான் வைக்கும் பழைய தூண்டில் பெட்டிதான். உள்ளே நான் பற்றவைத்த சர்க்யூட். பாட்டரி ரொம்ப இறங்கினால் கேரவனில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வண்டி வீட்டில், இருக்கும் ஃபிரிட்ஜைத் தானே அணைத்துவிடும். வெள்ளிக்கிழமை மெர்வினின் எலக்ட்ரிக்கல் பட்டறையில் காட்ட வேண்டும். பிடித்தால் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார். பத்தாவதோடு நின்றவளைப் போர்ட் அகஸ்டாவில் வேறு யார் எடுப்பார்கள்?

சின்ன உருண்டை சாக்கெட் இந்தச் சுமைக்கு உருகிவிடும். சிகரெட் லைட்டர் வகை குலுங்கிக் கழன்றுவிடும். மிச்சம் ஆங்கில T எழுத்து வடிவ சாக்கெட்: ஒரு பின் நிற்கும், ஒன்று படுத்திருக்கும். இங்கே பாதிக் கேரவன்களில் இதுதான். இறுக்கமாகப் பிடிக்கும்.

ஆனால் எந்தப் பின் பிளஸ்? ஆளுக்கு ஒரு மாதிரி வயர் போடுகிறார்கள். மாற்றிக் கொடுத்தால் உள்ளே எல்லாம் கருகிவிடும்.

மார்ச் 5

அண்ணன் பிராடியிடம் கேட்டேன். அவன் சனிக்கிழமைகளில் மெர்வினிடம் வண்டி கழுவுகிறான். அவனுக்கும் அந்தப் பயிற்சி இடத்தின் மேல் கண்.

"நிக்கிறதுதான் பிளஸ். அவர் பட்டறையில எல்லாமே அப்படித்தான். இதுகூடத் தெரியாம பெட்டி செய்ய வந்துட்டியா, ஊமைக்கோட்டான்?"

மெர்வினிடமே கேட்கலாம். மூன்று தடவை எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பிராடி சொன்னபடியே நிற்கும் பின்னில் பிளஸ் கொடுத்து முடித்தேன்.

மார்ச் 7

எது பிளஸ் என்று காட்டும் மீட்டர் என் பையில் இருந்தது. பையிலேயே இருந்தது!

மெர்வின் ஒரு கையில் இறைச்சி பஃப் தின்றுகொண்டே, மின்சாரம் வரும் பட்டறை வயரை எடுத்தார். பிராடி நின்றான். இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு. 'ஒரு நிமிஷம், அளந்து பாத்துக்கறேன்' — அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் திறக்கவில்லை.

செருகினார். டப். புகை.

"தூண்டில் பெட்டியிலேயே மீன் பொரிச்சிட்டியே ஷெல்பி! சிப்ஸ் எங்க?" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சொன்னார்: "என் வயர்ல படுத்ததுதான் பிளஸ். கேக்க வாய் இல்லையா உனக்கு?"

வீட்டில் பிராடி: "சும்மா சொன்னேன்டி. மீட்டரப் பையில வச்சுக்கிட்டு என்னை நம்பினா நான் என்ன பண்றது?"

அவன் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 12

பயிற்சி இடம் பிராடிக்கு. எனக்குப் பட்டறை கூட்டும் வேலை. சரி என்று தலையை ஆட்டினேன்.

மார்ச் 20

கருகிய பெட்டியை மெர்வின் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் கதை சொல்கிறார். "அதோ கூட்டுது பாருங்க, அந்தப் பொண்ணுதான்."

மார்ச் 21

அதே.

ஏப்ரல் 15

ஈஸ்டர் நெரிசல். பிராடிக்கு இன்று முதல் தடவையாகத் தனியாக ஒரு கேரவன். வயதான தம்பதி, புது ஃபிரிட்ஜ். அவன் பட்டறை வயரை இழுத்து வரப் போனபோது நான் கேரவன் சாக்கெட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இதில் நிற்கும் பின்தான் பிளஸ். பட்டறை வயரில் படுத்தது.

பிராடி வயரோடு வந்தான். மெர்வின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். "ஏதோ அளந்தியே கண்ணு, எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கு. அண்ணன் பாத்துக்குவான்" என்றேன்.

குப்பையைக் கொட்டப் பின்பக்கம் போனேன்.