மாடி அறைக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அண்ணனும் சுகம், நீயும் மருமகளும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மேலே எழுதுகிறேன். படியேறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது, நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வீட்டைக் கொடுக்கப்போகிறேன் என்று போனில் சொன்னதும் நீ பேச்சை மாற்றிவிட்டாய், அதனால்தான் இந்தக் கடிதம். எதிர் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் போன மாதம் வந்து, நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்க இடமில்லை, உங்கள் கீழ்த்தளத்தையாவது கொடுங்கள் என்று கேட்டாள். முப்பத்தாறு வருடம் வங்கியில் உட்கார்ந்த வாய் சும்மா இருக்குமா, யார் ஜாமீன் என்று கேட்டுவிட்டேன். தானம் கேட்டு வந்தவளிடம் ஜாமீன் கேட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் கோபப்படவில்லை, "அவங்களுக்கு நான் ஜாமீன், எனக்குத்தான் யாரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடன் கேட்டவரின் பட்டறையில் அரைநாள் உட்கார்ந்து பார்க்காமல் நான் பேனாவைத் திறந்ததில்லை, உனக்குத் தெரியும். அதேபோல ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூன்று நாள் பகல் முழுக்கப் போய் உட்கார்ந்தேன். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஒரு லாரி டிரைவர், இருந்த ஒரே சட்டையைத் துவைத்து ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு, அது காயும்வரை துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்தார். நான் யாரென்றே கேட்காமல் பாதி ரொட்டியை எனக்கும் நீட்டினார். இத்தனை வருடம் பள்ளிக்கும் நூலகத்துக்கும் செக் எழுதிக் கொடுத்தேனே, அதெல்லாம் என் மிச்சம்தானே என்று அப்போதுதான் உறைத்தது. கீழ்த்தளம் மட்டும் இல்லை, முழு வீடும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"அம்மா பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணே கால்தான்" என்று சொல்லிக்கொண்டே உன் அண்ணன் கையெழுத்துப் போட்டான். இனி நான் அவன் வீட்டில்தான், உனக்கும் அங்கே ஒரு கட்டில் உண்டு. வீடு மூன்று பேர் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். "மாடியில என் அறையும் போயிடுமே" என்று நீ மருமகளிடம் வருத்தப்பட்டாயாம். நியாயம்தான். அந்த அறையில் நீ மஞ்சள் காமாலையில் கிடந்தபோது நான் வேலைக்கு ஓடினேன், அது இன்னும் என்னை உறுத்துகிறது. ஆனாலும் நீ மறுத்தால் நான் நிற்கப்போவதில்லை. என் பங்கும் அண்ணன் பங்கும் போதும், ஒன்றாம் தேதி கீழே கட்டில் போட்டுவிடுவேன். அப்போது உன் அறையை மட்டும் பூட்டிச் சாவியை உனக்கே அனுப்புகிறேன். ஆனால் ஒன்று, இடம் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் நீ மேலே போகவேண்டியிருக்கும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். கண்ணாடி மாற்றுவதைத் தள்ளிப்போடாதே. படிவம் இதோடு இருக்கிறது, பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்து.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா