விடுதி வாசலில் சொன்ன உறவு

பல்கலைக்கழக மாணவர் விடுதி
12-8-1959

என் அன்பு அம்சவேணிக்கு,

நீ அனுப்பிய வேர்க்கடலை உருண்டை வந்து சேர்ந்தது. அறைத் தோழர்கள் ஒரே மாலையில் தீர்த்துவிட்டார்கள். எனக்கு இரண்டு மிஞ்சியது.

கடைசி வருஷம் அல்லவா, கணக்கு ஆனர்ஸ் வகுப்பு கழுத்தைப் பிடிக்கிறது. போன வாரம் பேராசிரியர் பலகையில் ஒரு கணக்கைப் போட்டு, "முடித்தவர்கள் சாப்பிடப் போகலாம்" என்றார். மூன்று பேர்தான் போனோம். மற்றவர்கள் முடிக்கும்வரை அவரும் பட்டினியாக உட்கார்ந்திருந்தாராம். இப்படிப்பட்டவர்களிடம் படிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். வள்ளல் ஒருவர் சொந்தச் செல்வத்தில் எழுப்பிய பல்கலைக்கழகம் இது. அவர் பெயரால் வருஷத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் இலவச இடம். சத்தியவேட்டிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான்.

இங்கே வந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இப்போது வேண்டாம். தசரா விடுமுறைக்கு நானே வருகிறேன்.

உன்,
வேதாச்சலம்

சத்தியவேடு
8-9-1959

அன்புள்ள மாமாவுக்கு, அம்சவேணி எழுதுவது.

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உங்கள் நைனா இரண்டு வருஷமாக ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை உங்கள் அம்மா, என் அத்தை, என் பக்கம் பேசியதால் கிளம்பினார்.

விடுதி வாசலில் உங்கள் வார்டன் "யார் இவர்கள்?" என்று கேட்டார். "அப்பா. இவள் அத்தை பெண்" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மரங்களின் பெயரெல்லாம் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள்.

ரயிலில் உங்கள் நைனா எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். பிறகு, "அவன் இன்னா பொய்யா சொன்னான்? நீ அத்த பொண்ணுதானம்மா" என்றார். அப்புறம் எழும்பூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தார்.

நான் உங்கள் அத்தை பெண்தான். இல்லை என்று யார் சொன்னது?

அம்சவேணி

பல்கலைக்கழக மாணவர் விடுதி
15-9-1959

அம்சவேணி,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

வள்ளல் பெயரில் உள்ள இடம் பிரம்மச்சாரிகளுக்கு மட்டும்தான். நம் கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில் நானும் நைனாவும் நேர்முகத்துக்கு வந்தோம். "பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் நைனா, "இன்னும் ஆவலீங்க" என்று சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. அந்த இடம் இல்லாவிட்டால் எனக்குப் படிப்பே இல்லை.

வாசலில் வார்டன் கேட்டபோது, உண்மை தெரிந்தால் இடம் போய்விடும் என்றுதான் அப்படிச் சொன்னேன். உன்னைப் பற்றி எனக்கு வெட்கம் என்று மட்டும் நினைத்துவிடாதே. என்னைத் திட்டியாவது எழுது.

வேதாச்சலம்

சத்தியவேடு
2-10-1959

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நைனாவிடம் கேட்டேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வாயில வந்துட்சும்மா. எம் புள்ள படிக்கணும்னு ஒரே நெனப்பு" என்றார். அவரை மேலே ஒன்றும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உங்களிடம் சொல்கிறேன். என்னிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, "நான் அத்தை பொண்ணுங்க" என்று வார்டனிடம் நானே சொல்லியிருப்பேன். உங்கள் படிப்புக்காக அதுகூடச் செய்ய மாட்டேனா? அப்பாவும் பிள்ளையும் ஒன்று சேர்ந்துகொண்டீர்கள். என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டீர்கள். அதுதான் வலிக்கிறது.

இப்போது போய் உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பாதீர்கள். பரீட்சை முடியட்டும். தசராவுக்கு வாருங்கள். அத்தை உங்களுக்காக அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்சவேணி

அரவை மில் சந்து
10-11-1959

அன்பு அம்சவேணிக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். தசராவுக்கு வராததற்கும் இதுவே காரணம். உன்னை மறைத்துக்கொண்டு அங்கே இருக்க முடியவில்லை, வார்டனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "இரண்டு வருஷம் இன்னொரு பையனுடைய சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாய், தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு பையனைப் பற்றி நான் நினைத்ததே இல்லை அம்சவேணி. இப்போது சாப்பிட உட்கார்ந்தால் அவன் நினைவு வருகிறது.

இலவச இடமும் விடுதி அறையும் போய்விட்டன. பேராசிரியர் எனக்காகப் பேசியதால் வெளியில் தங்கிப் பரீட்சை எழுத அனுமதித்திருக்கிறார்கள். மில்லுக்குப் பின்னால் ஓர் அறை. அரிசி மண்டிக்காரர் பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் படிப்புக்கு இரவுதான். மில் ஓடும்போது படிப்பது ஒன்றும் மண்டையில் ஏறுவதில்லை.

நைனாவுக்குப் பக்குவமாகச் சொல்.

உன்,
வேதாச்சலம்

சத்தியவேடு
20-4-1960

அன்புள்ள மாமாவுக்கு,

இத்தனை மாதம் நான் நாலு வரிக் கார்டு மட்டும் எழுதியது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். பரீட்சை நேரத்தில் மனதைக் கலைக்க வேண்டாம் என்று இருந்தேன். உங்கள் நவம்பர்க் கடிதத்தைப் படித்து அழுதேன். கோபமா சந்தோஷமா என்று அத்தை கேட்டார். இரண்டும்தான். நான் வேண்டாம் என்று எழுதியும் சொல்லிவிட்டீர்கள். பொய் சொன்னபோதும் என்னைக் கேட்கவில்லை, உண்மை சொன்னபோதும் கேட்கவில்லை.

இங்கே ஊரே மாறிவிட்டது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாம் ஆந்திராவாம். தாலுகா ஆபீசிலிருந்து காகிதமெல்லாம் தெலுங்கில் வரும் என்கிறார்கள். இரண்டொன்று வந்தும் விட்டது. பக்கத்து நிலத்து முனிசாமி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் பிறந்த ஊரான நாராயணவனத்தில் எட்டாவது வரை தெலுங்கும் படித்தவள் என்பது இங்கே யாருக்கும் நினைவில்லை. வாங்கிப் படித்துச் சொன்னேன். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். "வேதாச்சலம் சம்சாரம் எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள், இப்போது "அம்சவேணி இருக்குதா?" என்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பாஷையும் தெரிந்த வாத்தியார் இல்லை. பிள்ளைகள் முழிக்கின்றன.

பரீட்சை எப்படி எழுதினீர்கள்?

அம்சவேணி

சென்னை
15-6-1960

என் அன்பு அம்சவேணிக்கு,

தேறிவிட்டேன். இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பு வந்திருக்க வேண்டியது என்று பேராசிரியர் தன் கைப்பட எழுதியிருக்கிறார். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

சென்னையில் ஒரு கல்லூரியில் டியூட்டர் வேலை கிடைத்திருக்கிறது. திருவல்லிக்கேணியில் இரண்டு அறை வைத்த வீடு பார்த்திருக்கிறேன். அடுப்பும் பாத்திரங்களும் வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிறு அல்லது அதற்கடுத்த ஞாயிறு வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன். மூன்று வருஷம் காக்க வைத்துவிட்டேன். இனி வேண்டாம்.

உன்,
வேதாச்சலம்

சத்தியவேடு
24-6-1960

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் தேறிய செய்தி கேட்டு உங்கள் நைனா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். அத்தை சர்க்கரைப் பொங்கல் வைத்தார்.

இனி நான் எழுதுவதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். திருப்பதியில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம். அங்கேயே விடுதி. மே மாதமே விண்ணப்பம் போட்டேன். உங்கள் நைனாதான் திருப்பதி வரை கூட வந்தார். "எம் மருமவ, கல்யாணம் ஆன பொண்ணு. படிக்கத்தான் இட்டாந்தேன்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோபத்தில் செய்தேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் கோபமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் இப்போது அது இல்லை, ஆசைதான் இருக்கிறது.

நீங்கள் வந்து "வேண்டாம், வா" என்றால் நான் வந்துவிடுவேன். அதனால்தான் கேட்கிறேன், அப்படிச் சொல்லாதீர்கள். முதல் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது.

உங்கள்,
அம்சவேணி

சென்னை
3-7-1960

என் அன்பு அம்சவேணிக்கு,

இதைத் திருப்பதி விலாசத்துக்கே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான். பொய் சொல்ல மாட்டேன். கடற்கரைக்குப் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சத்தியவேட்டு பஸ்ஸுக்குக் கிளம்பி, நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன். அன்று வந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.

வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒற்றை அறைக்கு மாறிவிட்டேன். சோறு குழையாமல் வடிக்க வந்துவிட்டது, ரசம் இன்னும் வரவில்லை. உங்கள் விடுதியில் பார்வையாளர் நாள் எது என்று எழுது. கணக்குப் பாடம் இருந்தால் அதையும் எழுது.

கல்லூரியில் கேட்கிறார்கள், "வீட்டில் எப்போது வருகிறார்கள்?" என்று. "என் மனைவி திருப்பதியில் படிக்கிறாள்" என்று சொல்கிறேன். அப்படிச் சொல்வது நன்றாக இருக்கிறது அம்சவேணி.

உன்,
வேதாச்சலம்